யாருடைய இனிஷியல்?

தேவிபட்டினம் நவபாஷாணக் கரையில் திதி கொடுக்கும்போது அப்பா, தாத்தா பெயர்களோடு அம்மா, பாட்டி பெயர்களையும் கேட்பார்கள். இறந்த பிறகு பெண்ணுக்கும் வம்சத்தில் ஓர் இடம் உண்டு. உயிரோடிருக்கும் அம்மாவுக்குத் தன் பிள்ளையின் பெயரில் என்ன இடம் என்பதுதான் என் கேள்வி.

என் அக்கா கணவர் இறந்தபோது மகளுக்கு மூன்று வயது. அக்கா மறுமணம் செய்துகொண்டாள். பள்ளியில் சேர்க்கும்போது புதுக் கணவரின் எழுத்தை இனிஷியலாகப் போட நினைத்தாள். இறந்தவரின் அம்மா வாசலில் வந்து நின்று, "எம் புள்ள பேர அழிக்கப் பாக்குறியா?" என்று அழுதார். பழைய எழுத்தே நிலைத்தது. பிறகு ஒரு தம்பி பிறந்தான். ஒரே வீட்டில் இரண்டு எழுத்துகள்.

அதனால்தான் 2022 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் அகெல்லா லலிதா வழக்கில் தந்த தீர்ப்பை ஆவலோடு படித்தேன். குழந்தை பிறந்த சில மாதங்களில், 2006இல், லலிதாவின் கணவர் இறந்தார். அடுத்த ஆண்டு அவர் மறுமணம் செய்துகொண்டார். 2008இல் தாத்தாவும் பாட்டியும் காப்பாளர் உரிமை கேட்டு நீதிமன்றம் போனார்கள். 2014இல் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம், யாருமே கேட்காத ஒன்றையும் சேர்த்து உத்தரவிட்டது: பிள்ளைக்குப் பழைய குடும்பப்பெயரையே திரும்ப வைக்க வேண்டும், ஆவணங்களில் பெற்ற தந்தையின் பெயரைக் காட்ட வேண்டும், அது முடியாத இடத்தில் இப்போதைய கணவரை 'மாற்றாந்தந்தை' என்று குறிப்பிட வேண்டும்.

உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 'மாற்றாந்தந்தை' என்று எழுதச் சொன்னதைக் கிட்டத்தட்டக் கொடூரமானது, யோசனையற்றது என்றது. தந்தை இறந்தபின் தாய்தான் ஒரே இயற்கைக் காப்பாளர், குடும்பப்பெயரை முடிவுசெய்யும் உரிமை அவளுடையது என்றது. பதினான்கு வருடம் வழக்காடிய ஒரு பெண்ணுக்கு இது பெரிய வெற்றி. நானும் மகிழ்ந்தேன்.

மறுபடி படித்தபோது மூன்று இடங்களில் தயங்கினேன்.

ஒன்று, அந்த உரிமை எங்கிருந்து வருகிறது? 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டம், 6ஆம் பிரிவில் இயற்கைக் காப்பாளராகத் தந்தையையும் 'அவருக்குப் பிறகு' தாயையும் வைக்கிறது. 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 'பிறகு' என்றால் தந்தை இறந்தபின் என்று மட்டும் பொருளல்ல, அவர் பொறுப்பில் இல்லாதபோதும்தான் என்று விளக்கியது. வாசல் கொஞ்சம் அகலமானது, வரிசை மாறவில்லை. விதவைக்குக் கிடைத்த தெளிவு, கணவன் எங்கோ உயிரோடிருக்கும் கைவிடப்பட்ட பெண்ணுக்கு இல்லை. அவர் பொறுப்பில் இல்லை என்பதை அவள் நிரூபிக்க வேண்டும். எங்கள் ஊரில் நிறைய இஸ்லாமியக் குடும்பங்கள் உண்டு. அந்தப் பெண்களுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது.

இரண்டு, உரிமை தாயுடையது. பெயரோ அப்போதும் ஓர் ஆணுடையது. முதல் கணவர் பெயரா, இரண்டாம் கணவர் பெயரா என்பதில்தான் வழக்கு முழுவதும் நின்றது. மூன்றாவது வழியாகத் தாயின் பெயர் யார் நினைவுக்கும் வரவில்லை. தமிழ்நாட்டில் அம்மாவின் எழுத்தை இனிஷியலாகப் போடத் தடையில்லை. ஆனாலும் அப்படிப் போட்டவர்களை எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை.

மூன்று, பிள்ளை. தீர்ப்பு வந்தபோது அந்தப் பையனுக்குப் பதினாறு வயது. வீட்டிலுள்ளவர்களின் பெயரும் தன் பெயரும் வேறாக இருந்தால் பிள்ளை மனம் நோகும் என்று நீதிமன்றம் அக்கறையோடு சொல்கிறது. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் அப்படி நினைப்பதில்லை. என் அக்கா மகள் இப்போது பத்தாம் வகுப்பு. "மாத்திடலாமா?" என்று அக்கா போன மாதம் கேட்டாள்.

"அப்பா எழுத்து இருக்கட்டும்மா. முன்னாடி உன் எழுத்தையும் சேத்துக்கிறேன்" என்றாள்.

அக்கா அதை எதிர்பார்க்கவில்லை. சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். விண்ணப்பத்தை இன்னும் நிரப்பவில்லை. தாய்க்கு உரிமை உண்டு என்று ஒரு தீர்ப்பு சொல்லிவிட்டது. அந்த உரிமையோடு பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேட்பதை நாம்தான் பழக வேண்டும்.