வரிசையின் கடைசிப் பெண்: ஜோசஃபின் பேக்கரின் ஊமைப்படம்

ஜோசஃபின் பேக்கர் என்றதும் எல்லாருக்கும் 1926-ல் பாரிஸின் ஃபோலி பெர்ஷேர் மேடையில் கட்டிய வாழைப்பழப் பாவாடைதான் ஞாபகம் வரும். அதற்கு அடுத்த வருஷம் வந்த 'லா சிரேன் தெ த்ரோபிக்' என்ற ஊமைப்படத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. என்னைக் கேட்டால், அவரைப் புரிந்துகொள்ள அந்தச் சுமாரான படம்தான் நல்ல வழி.

கதை ரொம்பப் பழையது. வெப்பமண்டலத் தீவுப் பெண் பப்பிட்டு, பாரிஸிலிருந்து வந்த எஞ்சினியரைக் காதலிக்கிறாள். டிக்கெட் இல்லாமல் கப்பலில் ஒளிந்து அவன் பின்னால் போகிறாள், பாரிஸில் நட்சத்திரம் ஆகிறாள். கடைசியில் அவனை அவனுடைய வெள்ளைக்காரக் காதலிக்கே விட்டுக்கொடுக்கிறாள். கப்பலில் அவள் நிலக்கரியில் விழுந்து கருப்பாகிறாள், அப்புறம் மாவில் விழுந்து வெள்ளையாகிறாள். சிரிக்கத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று யோசித்தால் சங்கடமாக இருக்கிறது.

இதை வெறும் இனவெறிப் படம் என்று மூடி வைத்துவிடலாமா? அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. பேக்கர் 1906-ல் செயின்ட் லூயிஸில், வறுமையில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே கறுப்பின வாடவில் குழுக்களோடு ஊர் ஊராகப் போனவர். 'ஷஃபிள் அலாங்' நாடகத்தில் கோரஸ் வரிசையின் கடைசிப் பெண்ணாக ஆடினார். அந்த இடத்துக்கு ஒரு மரபு உண்டு: கடைசிப் பெண் ஸ்டெப் மறந்தது மாதிரி தடுமாற வேண்டும், முடிவில் எல்லாரையும் விடப் பிரமாதமாக ஆடிக் காட்ட வேண்டும். பார்க்கிறவருக்கு பக் மாதிரி தெரியும், உள்ளே அது யோசித்து எழுதின கோட்.

இதை மனசில் வைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள். மாறுகண் போடுவதும் முழங்காலை முட்டிக்கொள்வதும் 'காட்டுப் பெண்ணின் அப்பாவித்தனம்' என்று இயக்குநர்கள் காட்டுகிறார்கள். உண்மையில் அது அமெரிக்க மேடைகளில் வருஷக்கணக்கில் பழகிய தொழில். சார்ல்ஸ்டன் ஆடும்போது கதாபாத்திரம் மறைந்துவிடுகிறது, ஆடுகிறவர்தான் தெரிகிறார். கதை அவரை அடக்குகிறது, உடம்பு அடங்க மறுக்கிறது.

அதற்காகப் படத்தை மன்னித்துவிட முடியாது. பேசும்படக் காலத்தில் வந்த 'ஸூஸூ'விலும் (1934) 'பிரின்சஸ் தாம் தாம்'மிலும் (1935) இதே முடிவுதான்: காதலன் வேறொருத்திக்கு. மூன்று முறை ஒரே முடிவு வந்தால் அதைத் தற்செயல் என்று சொல்ல மாட்டேன். கறுப்புப் பெண்ணை ரசிக்கலாம், கதையில் ஜெயிக்க விடக்கூடாது என்பதுதான் அந்த சினிமாவின் விதி.

2021-ல் பிரான்ஸ் அவருக்கு பாந்தியோனில் இடம் கொடுத்தது. அந்த கௌரவம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். போரில் பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்துக்கு உழைத்ததையும் இனவெறியை எதிர்த்ததையும் நினைவுகூர்ந்தார்கள், சரிதான். அந்த வரிசைக் கடைசிப் பெண்ணின் தொழில் திறமையையும் அதே மரியாதையோடு பேச வேண்டும். படம் கிடைத்தால் கதையை விட்டுவிட்டு அவர் கால்களை மட்டும் கவனியுங்கள்.