சிவக்காத கொழுந்து

“கொழுந்தை அமுக்காதடி, சூடேறிச் சிவந்துடும்.” மூணாறு எஸ்டேட்டில் கொழுந்தெடுத்த அம்மா, நான் சாக்கில் கை வைக்கும்போதெல்லாம் சொன்னது. ஏன் சிவக்கிறது என்ற கேள்விக்குப் பாலக்காட்டில் உயிர்வேதியியல் படிக்கப் போன பிறகுதான் விடை கிடைத்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. சின்ன வயதிலிருந்து நான் ஏறி இறங்கிய சரிவு முழுக்க இப்படி ஓர் அதிசயமா!

இளங்கொழுந்தின் உலர் எடையில் கால் பங்கு அளவுக்குத் துவர்ப்புப் பொருள்கள்தாம், முக்கியமாகக் கேட்டசின்கள். அவை செல்லுக்குள் வாக்குவோல் என்ற நீர்ப்பையில் அடைபட்டுக் கிடக்கின்றன. அவற்றை ஆக்சிஜனோடு சேர்த்துச் சிவக்க வைக்கும் நொதியான பாலிஃபீனால் ஆக்சிடேஸ், செம்பு அணுக்களைச் சுமந்தபடி பசுங்கணிகத்தில் இருக்கிறது. நடுவில் வெறும் சவ்வுகள். ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு தடிமன். அவற்றை நம்பித்தான் இந்த மலையே பச்சையாக நிற்கிறது! சாக்கில் அமுக்கினால் சவ்வு கிழியும், இரண்டும் கலந்துவிடும். அம்மா சொன்னது அதைத்தான்.

மூணாறில் உள்ள நல்லதண்ணி தேயிலை அருங்காட்சியகத்தில் சிறிய சி.டி.சி. இயந்திரம் ஓடுவதைப் போய்ப் பாருங்கள். வாடிய இலை உருளைகளுக்கு நடுவே நசுங்கிக் கிழிந்து விழும். பச்சை நிறம் மெல்லச் செம்பாகும், பச்சிலை வாடை பழவாசனையாகும். ஒரு மணி நேரம் போல விட்டு, டிரையரின் சூட்டுக் காற்றில் நொதியை முடக்கிவிடுகிறார்கள். கிரீன் டீக்கு முதலிலேயே சூடு காட்டி அடக்கிவிடுவார்கள். ஒரே கொழுந்து, இரண்டு டீ!

என்னை முழுக்க மயக்கியது, செடியில் உயிரோடு இருக்கும் இலைதான். அதில் திரியோனின் என்ற அமினோ அமிலத்தை ஐசோலியூசினாக்க ஐந்து நொதிகள் வரிசையாக வேலை செய்கின்றன. ஐசோலியூசின் போதுமான அளவு சேர்ந்ததும், அதுவே திரும்பிப் போய் முதல் நொதியில், வேலை நடக்கும் இடத்தை விட்டு வேறோர் இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. நொதியின் வடிவம் மாறி, வேலை மந்தமாகிறது. 1956இல் எட்வின் அம்பார்கர் இதை ஈ.கோலை பாக்டீரியாவில் கண்டார். செடிகளிலும் இதே ஏற்பாடு. அதுவும் முதல் நொதியையே பிடிப்பது என்ன நேர்த்தி! பாக்டரியில் டிரையர் நிரம்பினால் வாட்டும் தொட்டியிலேயே இலையை நிறுத்துவது போல. நடுவில் அரைகுறைச் சரக்கு தேங்காது. ஐசோலியூசின் செலவானதும் ஒட்டியது கழன்றுகொள்ளும், நொதி மறுபடி ஓடும். கங்காணியும் இல்லை, சங்கும் இல்லை!

நொதிகளை ஓட்டுவதிலும் நிறுத்துவதிலும் வெயிலுக்கும் பங்குண்டு. வெளிச்சம் பட்டதும் தயோரெடாக்சின் என்ற சிறு புரதம், சர்க்கரை தயாரிக்கும் சில நொதிகளின் கந்தகப் பிணைப்பைப் பிரித்துவிட, அவை விழித்துக்கொள்கின்றன. இருட்டினால் பிணைப்பு மறுபடி பூட்டிக்கொள்ளும்.

போன விடுமுறையில் பனிமூட்டம் விலகிச் சரிவில் வெயில் விழுந்த நேரம், இதையெல்லாம் அம்மாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். “இப்பத்தாம்மா கோடிக்கணக்குல பூட்டு திறக்குது!” கேட்டுக்கொண்டே அம்மா சாக்குக்குள் கைவிட்டு, இறுகியிருந்த கொழுந்தைக் காற்றுப்பட உதறிவிட்டார்.