மணலைப் படித்தவர்கள்

கோல்ப் ஆட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் கோலை நான் கையால் தொட்டதில்லை. தூத்துக்குடிப் பக்கத்திலே பிறந்து, காலேஜில் இரண்டு வருஷத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, கதை எழுதிக்கொண்டிருப்பவனுக்கு அதனோடு என்ன சம்பந்தம்? இருந்தாலும், நிலத்தை எப்படி எழுதுவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்த புஸ்தகங்களை எண்ணச் சொன்னால், கோல்ப் மைதானங்களைப் பற்றிய ஒரு புஸ்தகத்தையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

பழைய புஸ்தகக் கடையில் வேறு எதையோ தேடும்போது கையில் அகப்பட்டது அது. பிரிட்டிஷ் தீவுகளின் கோல்ப் மைதானங்களைப் பற்றி பெர்னார்ட் டார்வின் என்பவர் எழுதி, 1910-இல் வெளிவந்தது. ஹாரி ரவுண்ட்ரீ என்பவர் படம் வரைந்திருக்கிறார். டார்வின் என்ற பெயரைப் பார்த்துத்தான் வாங்கினேன். பரிணாமத்தைப் பற்றிச் சொன்ன சார்ல்ஸ் டார்வினின் பேரன்தான் இவர். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு, 1907 முதல் 1953 வரையில் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் கோல்ப் பற்றி எழுதிவந்தவர். படங்களை மட்டும் புரட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தவன், விளக்கு அணைக்கும் நேரம் தாண்டியும் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டத்தின் சாரம் சின்ன விஷயம். ஓர் இடத்தில் நின்று பந்தை அடிக்க வேண்டும். தூரத்தில் கொடி நட்ட ஒரு சிறு குழியில் அது விழ வேண்டும். எத்தனை குறைவான அடியில் விழுகிறதோ அத்தனை கெட்டிக்காரத்தனம். இதற்கு முதல் முதலாக வாய்த்த நிலம் எது என்பதில்தான் ருசி இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கடலோரத்தில், அலைக்கும் விளைநிலத்துக்கும் நடுவே, கலப்பைக்கு உதவாத மணல்மேடுகள் உண்டு. அங்கே புல் தானாக முளைத்தது. ஆடும் முயலும் அதை மேய்ந்து மட்டம் பண்ணின. காற்றுக்கு அஞ்சி ஆடுகள் ஒதுங்கிப் படுத்த இடங்கள் தேய்ந்துதான் மணற்பள்ளங்கள் ஆயின என்பார்கள். மைதானத்தை வகுத்தவர்கள் செய்ததெல்லாம், ஏற்கெனவே கிடந்ததைப் பார்த்து இங்கே ஒரு குழி, அங்கே ஒரு குழி என்று தோண்டினதுதான்.

அப்படி வகுத்ததில் பேர்பெற்றது மேற்குக் கரையிலுள்ள பிரஸ்ட்விக். 1851-இல் டாம் மாரிஸ் என்பவர் அங்கே பன்னிரண்டு குழிகளை வகுத்தார். 1860-இல் முதல் 'ஓபன்' பந்தயம் நடந்ததும் அங்கேதான். எட்டே பேர் ஆடினார்கள். ஒரே நாளில் மூன்று சுற்று. வில்லி பார்க் என்பவர் 174 அடிகளில் ஜெயித்தார். அந்தப் பந்தயம் பிரஸ்ட்விக்கில் இருபத்து நான்கு முறை நடந்தது. 1925-இல் திரண்ட கூட்டத்தை அந்தச் சிறு மணற்பரப்பு தாங்கவில்லை. பிறகு பந்தயம் அங்கே திரும்பவே இல்லை. கூட்டம் பெருத்ததும் கைவிடப்படுகிற நல்ல காரியங்கள் நமக்கும் தெரியாதவை அல்ல.

பிரஸ்ட்விக்கில் ஒரு மணல்மேட்டுக்கு 'இமயமலை' என்று பெயர். இன்னொன்றுக்கு 'ஆல்ப்ஸ்'. ஆல்ப்ஸைத் தாண்டிக் கிடக்கும் பள்ளத்துக்கு 'ஸஹாரா'. முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன். இமயமலையை ஆண்டுகொண்டிருந்த ஜாதி, ஊரில் இருக்கிற மணல்மேட்டுக்கும் அதே பெயரை வைத்துக்கொண்டதே என்று. ஆனால் டார்வினைப் படிக்கப் படிக்க அந்தப் பெயர்களின் நியாயம் விளங்கியது. மேட்டின் அடியில், கையில் கோலோடு நிற்கிறவனுக்கு அது இமயமலைதான். கொடி தெரியாது, குழி தெரியாது, எதிரே மணற்சுவர் ஒன்றுதான் தெரியும். அதன் தலைக்கு மேலே பந்தை அடித்துவிட்டு, ஏறிப் போய்ப் பார்த்தால்தான் அது பிழைத்ததா இல்லையா என்று தெரியும். இப்படி மறைந்திருக்கும் குழிகளில், ஆடி முடித்தவர்கள் பின்னால் வருகிறவர்களுக்காக மணி அடித்துவிட்டுப் போவது வழக்கம்.

டார்வின் இந்த மேட்டை வர்ணிப்பதில்லை. அதுதான் என்னை முதலில் தூக்கிப் போட்டது. மேடு எத்தனை அழகு, மாலை வெயிலில் என்ன நிறம் என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். அங்கே நிற்கிறவனுக்கு என்ன நேரும் என்பதைச் சொல்லுகிறார். காற்று எந்தப் பக்கம், பந்து குறைந்தால் எங்கே உருளும், கூடினால் எது விழுங்கும், பயந்தவன் எந்தப் பக்கம் ஒதுங்குவான் என்று சொல்லிக்கொண்டே போகிறார். படித்து முடிக்கையில், வர்ணிக்காத அந்த மேடு கண்முன்னே நிற்கிறது. நான் போகாத ஊர். நான் ஆடாத ஆட்டம். ஆனாலும் அந்த மணலில் என் கால் புதைந்தது.

மறைந்த குழிகளைப் பற்றி ஆட்டக்காரர்களிடையே ஒரு பழைய வழக்கு உண்டு. கண்ணுக்குத் தெரியாத இலக்கை அடிக்கச் சொல்லுவது அநியாயம் என்று ஒரு கட்சி. மைதானங்களை வகுப்பதில் மேதை என்று பெயர் வாங்கிய அலிஸ்டர் மக்கன்ஸி 1920-இல் ஒரு புஸ்தகம் எழுதினார். குழியை நெருங்கி அடிக்கும் அடிகளில் மறைவு கூடியவரை குறைவாக இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதிகளில் ஒன்று. அயர்லாந்தின் மேற்குக் கரையில் லாஹிஞ்ச் என்ற ஊரின் மணல்மேட்டு மைதானத்தை 1927-இல் அவரே திருத்தியமைத்தார். அங்கே மறைந்த குழிகள் இரண்டு. ஒன்றுக்கு 'க்ளாண்டைக்' என்று பெயர், மற்றொன்றுக்கு 'டெல்'. விதி எழுதினவர் கைவைத்த பிறகும் அவை இரண்டும் தப்பிவிட்டன. டெல்லில், இரண்டு மேடுகளுக்கு நடுவே குழி ஒளிந்திருக்கிறது. முன்மேட்டின்மேல் ஒரு வெள்ளைக் கல். குழியை இடம் மாற்றினால் கல்லையும் மாற்றி வைப்பார்கள். ஆட்டக்காரன் அடிப்பது கல்லைப் பார்த்து. நம்புவது கல்லுக்குப் பின்னால் இருப்பதை. அதே ஊரில் காற்றழுத்தமானி பழுதானபோது, ஆடுகளைப் பார்த்துக்கொள்ளவும் என்று அதில் எழுதி மாட்டிவிட்டார்கள். ஆடுகள் மேட்டில் மேய்ந்தால் வானம் நல்லது. கட்டடத்தை ஒட்டி வந்து நின்றால் மழை.

இந்த வெள்ளைக் கல்லைப் படித்த இடத்தில்தான் புஸ்தகத்தை மூடிவிட்டு எங்கள் கடலை நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் கடலடிப் பாறைத்தளத்தைப் 'பார்' என்பார்கள். முத்துச்சிப்பி விளைவதும் பாரில்தான். கலவா மீன் ஒதுங்குவதும் பாரில்தான். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அதற்குப் பின் பாரில் சிப்பி இல்லை என்றாலும் மீன் உண்டு. தண்ணீருக்கு மேலே அடையாளம் எதுவும் கிடையாது. கரையில் தெரியும் கோயில் கோபுரத்தையும் அதற்குப் பின்னாலுள்ள மேட்டையும் நேர்கோட்டில் வைத்து, இன்னொரு பக்கம் இன்னும் இரண்டு அடையாளங்களைச் சேர்த்து, கோடுகள் சந்திக்கும் இடத்தில் தூண்டிலை இறக்குவார்கள். இன்று ஜி.பி.எஸ். கருவி வந்துவிட்டது. ஆனால் கிழவர்கள் கண் இன்னும் கோபுரத்தைத் தேடத்தான் செய்கிறது. டெல்லின் வெள்ளைக் கல்லும் எங்கள் கோபுரமும் ஒரே வித்தைதான். கண்ணுக்குத் தெரிவதை வைத்துக்கொண்டு, தெரியாததன்மேல் கையிலிருப்பதைப் பணயம் வைப்பது.

இனி என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் நாவலில் ஒரு தேரிக் காட்சி வரும். தேரி என்றால் வடக்கத்தி வாசகர்களுக்குத் தெரியாது. திருச்செந்தூர், சாத்தான்குளம், நாசரேத் வட்டாரத்தில் பரந்து கிடக்கும் செம்மணல் மேடுகள். மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியே வரும் மேகாற்று வாரி வாரி அடுக்கியது. இரும்புத் துரு ஏறிய சிவப்பு. குதிரைமொழித் தேரியில் நின்று பார்த்தால் பனையும் உடைமரமும் தவிர வேறொன்றும் தெரியாது. அந்தத் தேரியில் என் கதாநாயகனும் கதாநாயகியும் உட்கார்ந்து பேசினார்கள். மணல் குங்குமம் போலிருந்தது என்று எழுதினேன். கூறைப்புடவை விரித்தது போலவும் இருந்தது. அஸ்தமனமும் சேர்ந்துகொண்டது. பத்திரிகையில் வந்தபோது நாலு கடிதங்கள் பாராட்டி வந்தன.

பனையேறியான என் பெரியப்பா மகன் மட்டும் படித்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் எழுதியிருக்கே, தம்பி. ஆனா இது நம்ம தேரி இல்லியே."

பத்து வயதில் அந்தத் தேரியைப் பெரியப்பாவோடு கடந்தவன் நான். விடியுமுன்னே புறப்பட வேண்டும். சூடு ஏறிவிட்டால் கால் வைக்க முடியாது. முன்னே போய்க்கொண்டே பெரியப்பா சொல்லுவார்: "ஏலே, மேகாத்து அறைஞ்ச பக்கமாக் காலை வையி. கெழக்க மணலு பொதபொதன்னு கெடக்கும், முட்டளவு முழுங்கிரும்." காற்று அறைந்த சரிவு இறுகியிருக்கும், மறு சரிவு இளகியிருக்கும் என்பதைக் காலால் படித்தேன். தலையில் பதநீர்க் கலயம். சறுக்கினால் அன்றைய கூலி மணலுக்கு. இத்தனையும் தெரிந்த நான், பேனாவை எடுத்ததும் மறந்துவிட்டேன். குங்குமம்தான் ஞாபகத்துக்கு வந்தது. பார்த்ததை எழுதாமல், படித்ததை எழுதினேன். அண்ணன் சொன்னதைவிடக் கடுமையான விமர்சனத்தை இன்றுவரை நான் சந்திக்கவில்லை. அது நியாயம் என்று முழுசாக விளங்க, ஒரு வெள்ளைக்காரனின் விளையாட்டுப் புஸ்தகம் வேண்டியிருந்தது.

என் அபிப்பிராயம் இதுதான். நிலத்தில் ஏதாவது ஒன்றை இழக்கக்கூடியவன் கண்ணுக்குத்தான் நிலம் தெரியும். நம் நாவல்களில் பெரும்பாலும் நிலம் நாடகக் கொட்டகையின் திரைச்சீலையாகத் தொங்குகிறது. பாத்திரங்கள் அதன் முன்னால் நின்று பேசுகிறார்கள். அதன்மேல் யாரும் நடப்பதில்லை. விலக்குகள் உண்டு. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977-இல் வந்தது. வல்லமும் வலையும் கைமாறுவது அதிலே குடும்பத்தின் உயிர்ப்பிரச்னை. ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' 2004-இல் வந்தது. அதிலே கடலில் அலைக்கழியும் மூவரோடு வாசகனும் நீரில் கிடக்கிறான். அங்கே கடல் காட்சிப்பொருள் அல்ல. நிலம் என்று வரும்போது, தேரிக்கு அப்படி ஒரு புஸ்தகம் இன்னும் வேண்டும்.

தேரியைப் படித்தவர்கள் இல்லாமல் இல்லை. சாயர்புரம் தேரியில் ராபர்ட் புரூஸ் பூட் கல் கருவிகளைக் கண்டெடுத்தார். 1956-இல் ஸாய்னர், ஆல்சின் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், மணலின் நிறத்தையும் படிவையும் பார்த்து அந்தச் சின்னக் கற்கருவிகளின் காலத்தைக் கணிக்க முயன்று ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனார் கோயிலில் கள்ளர்வெட்டு முடிந்ததும் ஜனங்கள் அந்தச் செம்மண்ணை மடியில் முடிந்துகொண்டு போகிறார்கள். ஆராய்ச்சிக்காரனுக்கு அது சாட்சியம். பக்தனுக்கு அது காப்பு. கதைக்காரனுக்கு மட்டும் அது குங்குமம்!

டார்வினிடம் குறையே இல்லையா? இருக்கிறது. அவர் மணலில் அதிகபட்ச நஷ்டம் ஒரு பந்தும் ஒரு பந்தயமும்தான். தோற்றவன் ஈரக் கோட்டைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். எங்கள் தேரியில் சறுக்கினவனுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே அவர் முறையை அப்படியே பெயர்த்து வைத்தாலும் காரியம் ஆகாது. அமெரிக்காவில் நியூயார்க்குக்குப் பக்கத்தில் நேஷனல் என்று ஒரு மைதானம் உண்டு. அதை உண்டாக்கினவர் பிரிட்டிஷ் மைதானங்களைப் போய்ப் பார்த்து, அளந்து வந்து, பிரஸ்ட்விக்கின் ஆல்ப்ஸை மாதிரியாக வைத்து அங்கே ஓர் ஆல்ப்ஸை அமைத்தார். தம் ஊர் மண்ணின் போக்குக்கு இணங்க அமைத்ததால்தான் அது நிலைத்தது என்று நினைக்கிறேன். தழுவல் நாவல் எழுதுகிற நம் நண்பர்கள் யோசிக்க வேண்டிய விஷயம். இன்னொன்று, தேரியில் கோல்ப் மைதானம் வேண்டும் என்று நான் சொல்லுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். புல்லுக்கு ஊற்ற அங்கே தண்ணீரும் இல்லை. அதற்கு அவசியமும் இல்லை.

அந்த நேஷனல் மைதானத்தில் 1922-இல் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் முதல் வாக்கர் கோப்பைப் பந்தயம் நடந்தது. டார்வின் 'டைம்ஸ்' நிருபராகக் கப்பலேறிப் போயிருந்தார். பிரிட்டிஷ் தலைவருக்கு உடம்பு சுகமில்லாமல் போகவே, எழுத வந்தவரை ஆடச் சொன்னார்கள். நோட்டுப் புஸ்தகத்தை வைத்துவிட்டு இறங்கினார். கட்சி தோற்றது, ஒற்றையர் ஆட்டத்தில் அவர் ஜெயித்தார். மறைந்த குழியைப் பற்றி எழுதுகிறவனுக்கு அதை அடிக்கவும் தெரிந்திருந்தது.

அண்ணன் இப்போது பனை ஏறுவதில்லை. போன மேகாற்றுக் காலத்தில் அவரோடு மறுபடியும் தேரியில் நடந்தேன். இரண்டு இடத்தில் கால் புதைந்தது. "இதை எழுது" என்றார்.