முட்டை திருடிய ஆசிரியை

இத்தாலிய எழுத்தாளர் எல்சா மொராந்தே 1974-இல் வெளியிட்ட 'லா ஸ்தோரியா' (வரலாறு) நாவல், ஒவ்வோர் ஆண்டையும் உலக நிகழ்ச்சிகளின் பட்டியலோடு தொடங்குகிறது. பட்டியல் முடிந்ததும் நாம் காண்பது உரோமை நகரின் ஏழைத் தொடக்கப்பள்ளி ஆசிரியை ஈதாவையும், ஜெர்மானியச் சிப்பாய் ஒருவனின் வன்செயலால் அவளுக்குப் பிறந்த உசெப்பேயையுமே.

1943 ஜூலை 19-இல் சான் லொரென்சோவில் குண்டுகள் விழ, அவர்களது வீடு மண்மேடாகிறது. ஈதா திருமுழுக்குப் பெற்றவள். தாயோ யூதப் பெண். அந்த அச்சத்தை நெஞ்சில் சுமந்தபடியே, அக்டோபரில் திபுர்தீனா நிலையத்தில், பூட்டிய சரக்குப் பெட்டிகளுக்குள்ளிருந்து எழும் மனிதக் குரல்களைக் கேட்டு நிற்கிறாள். அச்சமும் அடக்கமுமே உருவான அவள், பசித்த மகனுக்காக ஒரு முட்டையைத் திருடுகிறாள். ஏழாம் கட்டளையை மனப்பாடம் செய்த நம்மால் இப்பக்கத்தை எளிதில் கடக்க இயலாது. உயிர் போகும் தேவையில் எடுப்பது திருட்டாகாது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் எழுதியிருக்கிறார். ஈதாவுக்கு அதை எடுத்துச் சொல்லத்தான் யாருமில்லை.

கண்ணீரை வலிந்து வரவழைக்கும் நூல் என்று அன்றைய இத்தாலியத் திறனாய்வாளர் சிலர் பழித்தனர். எனக்குக் குறையாகப் படுவது, மதுக்கடையில் தவீதே ஆற்றும் நெடும்பேச்சுதான். உசெப்பே தன் நாயோடு ஆற்றங்கரையில் திரியும் பக்கங்கள் அதனினும் ஆழமானவை. வலிப்பு நோய் அச்சிறுவனைக் கொண்டுபோனது 1947-இல். போர் முடிந்து ஈராண்டுகள் ஆகியிருந்தன.