ஆர்கனுக்கு 40 சதவீதம்

1967 மே மாதம் பிரிட்டனில் வெளியான 'எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்' இசைத்தட்டில், படைத்தவர்கள் என்று இரண்டே பெயர்கள்: இசைக்கு கேரி புரூக்கர், வரிகளுக்கு கீத் ரீட். ப்ரோகல் ஹாரம் குழுவின் இந்த முதல் பாட்டு அங்கே ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆனால் அதைக் கேட்ட பலர் இன்றும் முணுமுணுப்பது மேத்யூ ஃபிஷர் ஹேமண்ட் ஆர்கனில் வாசித்த முன்னிசையைத்தான். அவர் 38 ஆண்டுகள் கழித்து, 2005இல் பங்கு கேட்டு வழக்குப் போட்டார்.

புரூக்கர் தரப்பு வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஃபிஷர் குழுவில் சேருமுன்பே மெட்டும் கார்டுகளும் தயார். பேஸ் ஒவ்வொரு சுரமாகப் படியிறங்கும் அந்த அமைப்பே பாஹிடம் பெற்றது. அதன்மேல் ஆர்கன் வாசிப்பது வாத்தியக்காரர் வேலைதானே?

இசையைக் கேட்டால் வாதம் ஆட்டம் காண்கிறது. முன்னிசை எட்டு பார். கீழே பேஸ் இறங்க, மேலே ஆர்கன் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கிறது. அதுவரை பாஹின் மூன்றாம் ஆர்கெஸ்ட்ரா சூட்டில் வரும் 'ஏர்' பகுதியின் சாயல். பிறகு சுரங்கள் தம் போக்கில் நெளிகின்றன. அந்த நெளிவு பாஹிலும் கிடையாது, புரூக்கரின் மெட்டிலும் கிடையாது. சரணங்களுக்கு நடுவே அது திரும்பத் திரும்ப வருகிறது. அந்த நேரத்துக்குத் தோன்றியதை வாசித்துவிட்டுப் போன அலங்காரம் என்று அதைச் சொல்ல முடியாது.

ஆர்கனை எடுத்துவிட்டால் எஞ்சுவது பெர்சி ஸ்லெட்ஜ் பாணியில் ஒரு நல்ல சோல் பாட்டு. கெட்டுப்போகாது, ஆனால் இந்தப் புகழ் கிடைத்திருக்காது. மெட்டை எடுத்துவிட்டால் ஆர்கன் மட்டும் நான்கு நிமிடம் தாங்காது. அதனால்தான் 2006இல் நீதிபதி பிளாக்பர்ன் இசை உரிமையில் 40 சதவீதம் கொடுத்தது பொருத்தமாகப் படுகிறது: அடித்தளம் போட்டவருக்குக் கூடுதல், அடையாளம் தந்தவருக்குக் கணிசம்.

தாமதம்தான் ஃபிஷர் தரப்பின் பலவீனம். 1969இல் குழுவை விட்டு விலகிய பின்பும் அவர் நீதிமன்றம் போகவில்லை. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைக் காட்டி, படைப்பாளி என்ற பெயரை மட்டும் விட்டுவைத்துப் பணத்தை மறுத்தது. 2009இல் பிரபுக்கள் சபை அதை மாற்றியது. பதிப்புரிமையைக் கோரச் சட்டத்தில் காலக்கெடு இல்லை. தாமதத்தால் புரூக்கருக்கு நட்டமும் இல்லை, அத்தனை ஆண்டு ராயல்டி அவர் பக்கமே போயிற்று. ஃபிஷருக்குப் பழைய பாக்கி கிடைக்கவில்லை. 2005 முதல் உள்ள பங்குதான்.

மௌனமாக இருந்த காலத்துப் பணத்தை இழந்தார், செய்த வேலைக்குப் பெயரைப் பெற்றார். இரண்டும் சரி. ஆர்கன் வாசித்தவரையும் படைப்பாளி என்று ஏற்ற இந்தத் தீர்ப்பு 1967லேயே இசைத்தட்டின் லேபிளில் அச்சாகியிருக்க வேண்டியது.