கறுப்புடைப் பீட்டரும் எள்ளலின் குறியும்

2007இல் சாம் ரெய்மி இயக்கி வெளிவந்த ‘ஸ்பைடர்மேன் 3’ திரைப்படத்தில், வேற்றுலக உயிரியாலான கறுப்பு உடை பீட்டர் பார்க்கரின் தீய இயல்பை வெளிக்கொணர்கிறது. அவனோ நெற்றியில் முடியைச் சரியவிட்டு, இடுப்பை அசைத்தபடி நியூயார்க் வீதியில் நடக்கிறான். இருளைக் காட்ட வேண்டிய இடம் கேலிக்கூத்தாயிற்று என்பது இரசிகருள் ஒரு சாராரின் குறை. கூச்சமுள்ள இளைஞன் மிடுக்கெனக் கருதுவது இவ்வளவே என்பது மறுசாராரின் விடை.

பின்னதே பொருத்தமுடையது. ‘பெரிய வீரனாம்’ என்னும்போது ‘ஆம்’ என்னும் இடைச்சொல், கூற்றைப் பிறர்மேல் ஏற்றி எள்ளலாக்குகிறது. திரையில் அப்பணியைச் செய்வோர், அவனைக் கண்டு முகஞ்சுளிக்கும் வீதிப் பெண்கள். (அம்முகங்களைக் கவனியாதவர்க்கு இயக்குநரே அவனை வியப்பதாகத் தோன்றும், மொழிபெயர்ப்பில் ‘ஆம்’ விடுபட்டால் நேரும் பிழையும் இத்தகையதே.)

ஆயினும் ஜாஸ் விடுதிக் காட்சியை இவ்வாறு ஏற்க இயலவில்லை. அங்குப் பாடும் மேரி ஜேனை வருத்தவே க்வென்னை அழைத்துவந்து ஆடுகிறான் பீட்டர். பின்னெழும் கைகலப்பில், யாரென அறியாமல் மேரி ஜேனையே அடித்து வீழ்த்துகிறான். நகைப்பு வன்முறையாகும் அவ்விடத்தில் முன்னறிவிக்கும் குறி எதுவுமில்லை. சற்றுமுன் சிரித்தவர் தம் சிரிப்பை என்ன செய்வது? இரசிகர் பூசல் வீதி நடையை விட்டு இங்குத் தொடங்கியிருக்க வேண்டும்.