உறைந்த கால்வாய்ப் படங்கள் எதற்குச் சாட்சி?

நெதர்லாந்தின் வடக்கே ஃபிரீஸ்லாந்து என்றொரு மாகாணம். அங்கே குளிர் சற்றுக் கூடினாலே பழைய புகைப்படங்கள் வெளியே வந்துவிடும். உறைந்த கால்வாய்களிலும் ஏரிகளிலும் பதினோரு ஊர்களைச் சுற்றி ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஸ்கேட்டிங் செய்யும் எல்ஃப்ஸ்டேடன்டொக்ட் பந்தயத்தின் படங்கள் அவை. கடைசிப் பந்தயம் 1997 ஜனவரி 4-ஆம் தேதி நடந்தது. அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு அந்தப் பந்தயம் என்றால் படங்கள்தான். போன குளிர்காலங்களைப் படம் பார்த்து நினைத்து ஏங்கும் இந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் படத்திடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளாமல் ஏங்கினால், அந்த ஏக்கம் நம்மைத் தவறான முடிவில் கொண்டுபோய் நிறுத்தும்.

முதலில் இந்தப் படங்களின் பலம். பந்தயம் நடக்க வேண்டுமானால் வழி நெடுகப் பனிக்கட்டி 15 சென்டிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும் என்பது விதி. இதை ஒரு பதிவேடும் சொல்லிவிடும். பாலங்களுக்கு அடியில் பனி மெலிந்த இடங்களில் கரையில் கம்பளம் விரிப்பதையும், காலில் ஸ்கேட்டிங் பிளேடோடு போட்டியாளர்கள் அதன்மேல் தத்தித் தத்தி நடந்து போவதையும் படம் மட்டுமே காட்டும். ஊருக்கு ஊர் முத்திரை வாங்க வேண்டிய அட்டை, பார்ட்லஹீம் சிற்றூரின் மரப்பாலத்தில் நெருக்கியடித்து நிற்கும் கூட்டம், பந்தயத்தில் ஓடாதவர்களும் அதில் கொண்ட பங்கு என எல்லாம் அந்தப் படங்களில் இருக்கின்றன. ஒரு சமூகம் குளிரை எப்படிச் சேர்ந்து கொண்டாடியது என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் இல்லை.

மாகாணத் தலைநகர் லேவார்டனுக்கு அருகே பந்தயப் பாதையில் உள்ள ஒரு பாலம் இந்த வழக்கத்தின் சிறந்த வடிவம். பங்கேற்றவர்களின் புகைப்படங்களைச் சிறு சிறு ஓடுகளில் பதித்து அதன் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். கிட்டப் போனால் தனித்தனி முகங்கள். எட்ட நின்றால் அவையே சேர்ந்து ஸ்கேட்டிங் செய்யும் ஒரு கூட்டத்தின் உருவமாகின்றன. தனி மனித நினைவையும் ஊரின் நினைவையும் ஒரே சுவரில் சேர்த்த அந்த வேலை என்னை மிகவும் கவர்கிறது.

இனி குறைகள். அதிகம் பேசப்படுபவை 1963-ஆம் ஆண்டுப் படங்கள். அதிகாலையில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி, பாதையெங்கும் காற்று வாரிக் கொட்டிய பனிக்குவியல். வென்ற ரெயினியர் பாப்பிங் 10 மணி 59 நிமிடம் எடுத்துக்கொண்டார். பந்தய வீரர்கள் அல்லாமல் பொதுப் பிரிவில் கிளம்பிய 9,000-க்கும் மேற்பட்டோரில் 69 பேர்தான் முடித்தார்கள். இந்தப் படங்களைப் பார்ப்பவர், ‘அந்தக் காலத்துக் குளிர்காலம் இப்படித்தான் இருந்தது’ என்று எண்ணிவிடுகிறார். ஆனால் அது அந்த நூற்றாண்டிலேயே மிகக் கடுமையான குளிர்காலங்களில் ஒன்று. தண்ணீர் உறையாமல் தூறலும் சேறுமாகக் கழிந்த குளிர்காலங்கள் அப்போதும் உண்டு. 1917-க்கும் 1929-க்கும் இடையே ஒரு பந்தயம்கூட நடக்கவில்லை. உறையாத கால்வாயைப் படமெடுத்து ஆல்பத்தில் ஒட்டுவார் யார்? அரிதாக நடந்தது ஆல்பம் முழுவதும் நிறைந்து, வழக்கமாக நடந்ததைப் போலத் தோற்றம் காட்டுகிறது.

நிறமும் இதில் விளையாடுகிறது. 1963-இன் புகழ்பெற்ற படங்கள் கறுப்பு வெள்ளை; 1985, 1986, 1997 பந்தயங்களின் படங்கள் வண்ணத்தில் இருக்கின்றன. கறுப்பு வெள்ளையில் பனி கூடுதலாகக் குளிர்கிறது, காலம் கூடுதலாகத் தொலைவில் போகிறது. 1997-க்கும் உறைபனிதான் வேண்டியிருந்தது. வண்ணப் படத்தில் அது ஒரு திருவிழாவாகவே தெரிகிறது.

இதனால் மாற்றம் வெறும் பிரமை என்று ஆகிவிடாது. 1909 முதல் 1963 வரையிலான 55 ஆண்டுகளில் 12 முறை பந்தயம் நடந்தது. அதன் பிறகான 60-க்கும் மேற்பட்ட ஆண்டுகளில் நடந்தது 3 முறை. 2012 பிப்ரவரியில் நாடே காத்திருந்தும் பனி போதிய தடிமன் இல்லாததால் கைவிட்டார்கள். இந்தக் கணக்கையும் அப்படியே வெப்பமானியாக எடுத்துக்கொள்ள முடியாது. 1909-இல் ஓடியவர்கள் இருபத்துச் சொச்சம் பேர். 1997-இல் 16,000-க்கும் மேல். அத்தனை பேரைத் தாங்கப் பனி அதிகம் கெட்டியாக இருந்தாக வேண்டும். ஆகவே குளிர்காலம் எவ்வளவு மாறியது என்பதை ஆண்டுதோறும் விடாமல் எடுத்த வெப்பநிலை அளவுகளிடம்தான் கேட்க வேண்டும். அந்நாட்டுக் குளிர்காலம் வெப்பமாகிவிட்டது என்பதை அவை ஐயமின்றிச் சொல்கின்றன.

என் முடிவு இது: மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்குப் பழைய குளிர்காலப் படம் முதல்தரச் சாட்சி, காலநிலை எப்படி இருந்தது என்பதற்கு அரைகுறைச் சாட்சி. அந்தக் குறையைத் தீர்ப்பது படம் எடுப்பவர் கையிலும் சேர்த்துவைப்பவர் கையிலும் இருக்கிறது. பனி உறைந்த நாளைப் போலவே உறையாத நாளையும், அதே இடத்தில் நின்று, ஆண்டுதோறும் எடுத்துவையுங்கள். வீட்டில் இருக்கும் பழைய படங்களின் பின்னால், விவரம் தெரிந்தவர்கள் இருக்கும்போதே, தேதியையும் இடத்தையும் கேட்டு எழுதிவையுங்கள். நாளை அதைப் பார்ப்பவருக்கு ஏக்கத்தோடு உண்மையும் கிடைக்கட்டும்.